நாக்கில் இருந்தால் குற்றம்

வெலிங்டன் வீதியில் அன்று காலை பொலிசார் கார்களை ஓரங்கட்டிக்கொண்டு நின்றதைக் கண்டபோது எனக்குப் பதற்றம் எதுவும் வரவில்லை. ரோவிலில் இருந்து கிளேட்டன் பக்கம் போகும்போது அவ்வப்போது இப்படி மறிப்பார்கள். ஊதச் சொல்வார்கள், ஊதிவிட்டுப் போய்விடுவோம். நான் மது தொடாதவள். டிக்கியில் மருந்துப் பெட்டி இருந்தது. ரோவிலில் நான் ஒரு சிறிய மருந்துக்கடை நடத்துகிறேன். கடைக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வாரத்தில் இரண்டு காலை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஊதச் சொன்ன இளம் பொலிஸ்காரர் அதோடு விடவில்லை. ஒரு சிறு குச்சியை நீட்டி, நாக்கில் தடவித் தரச் சொன்னார். தடவிக் கொடுத்தேன். கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, அடுத்து எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து, "மேடம், தயவுசெய்து எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வாருங்கள்" என்றார். கஞ்சாவில் உள்ள போதைப்பொருள் என் எச்சிலில் இருக்கிறதென்று குச்சி காட்டியிருந்தது.

குச்சி பொய் சொல்லவில்லை. முதல் நாள் இரவு படுக்கப் போகுமுன் கஞ்சா எண்ணெயில் சில துளிகளை நாக்கின் கீழ் விட்டிருந்தேன். ஒவ்வோர் இரவும் விடுகிறேன். அது என் வைத்தியர் எழுதித் தந்த மருந்து. அதை அவர் எழுதவும், நான் என் கடையில் வைத்து விற்கவும், நானே குடிக்கவும் மத்திய அரசின் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வீதியும் லைசன்சும் விக்டோரியா மாநிலத்துக்குச் சொந்தம். மாநிலத்தின் சட்டம், அந்தப் பொருள் எச்சிலில் இருந்தபடி வாகனம் ஓட்டினால் குற்றம் என்கிறது. எவ்வளவு இருந்தது, எப்போது குடித்தாய், மயக்கமாக இருந்தாயா, கை நடுங்கியதா என்ற கேள்வியே இல்லை. இருந்தால் போதும்.

இது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த எண்ணெய்ப் போத்தலை வாங்கும் ஒவ்வொருவருக்கும் நானே கவுண்டரில் நின்று சொல்லியிருக்கிறேன். எட்டு மணித்தியாலம் தூங்கி எழுந்து, தேத்தண்ணீர் குடித்து, தெளிந்த தலையோடு காரில் ஏறும் ஒருத்தியைக் குற்றவாளி என்று சொல்லும் சட்டம் எனக்கு ஒருபோதும் சட்டமாகப் படவில்லை. படவில்லை என்பதை அன்று வரை வாய் திறந்து சொல்லும் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனையையும் செய்தார்கள். அதுவும் அதையே சொன்னது. பிறகு இளையவர் கேட்டார்:

"டிக்கியில் என்ன இருக்கிறது?"

"மருந்து. நீங்கள் தேடுவதும் அதில் இருக்கிறது."

அவர் முகம் மாறிற்று. தன் மேலதிகாரியான பெண்ணைக் கூப்பிட்டார். அவர் என் மருந்தாளர் அட்டையைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதற்குள் இரண்டு நோயாளிகளின் கஞ்சா எண்ணெய்ப் போத்தல்கள் பெயர் ஒட்டியபடி இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து வாசித்துவிட்டு, கவனமாகத் திரும்ப வைத்தார்.

"இதெல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் கொண்டுபோகலாம்."

"கொண்டுபோகலாமா?"

"கொண்டுபோகலாம். ஆனால் நீங்கள் ஓட்டக்கூடாது."

அவருக்கே சிரிப்பு வந்ததோ என்னவோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியில் இருந்தால் குற்றமில்லை. வயிற்றில் இருந்தாலும் குற்றமில்லை. ஸ்டியரிங் பிடித்தவளின் நாக்கில் இருந்தால் குற்றம். அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச்சாவடியைக் கண்டு வளர்ந்தவளுக்கு, 'தயவுசெய்து' என்று சொல்லும் பொலிசின் அருமை தெரியும். ஆனால் மரியாதையாகச் சொல்லப்பட்ட அநியாயமும் அநியாயம்தான்.

என் கணவர் பக்கத்து வீட்டுக்காரருடன் வந்து சேர்ந்தார், எங்கள் காரை எடுத்துப்போக ஒருவர் வேண்டுமே. வீதியோரப் புல்லில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கண்டதும் அவருக்கு முதலில் பயம், பிறகு கோபம். கோபத்தைக் காரில் ஏறிய பிறகுதான் காட்டினார்.

"என்னப்பா இது? இந்த வயதிலை கஞ்சா கேஸ்!"

"கஞ்சா கேஸ் இல்லை. மருந்து கேஸ்."

"சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். இஞ்சை பாரும், இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். அரை வருசம் லைசன்ஸ் போனால் போகட்டும். உம்மை நான் ஏத்தி இறக்கிறன்."

"நான் என்ன களவெடுத்தனானே, ஒளிக்கிறதுக்கு?"

"களவெண்டு ஆர் சொன்னது? கோயிலிலை என்ன கதைப்பினம் எண்டு யோசிச்சுப் பாரும்."

"அவை ஏற்கெனவே கதைக்கினம்தானே."

கதைத்தார்கள். மத்திய அரசு இதை மருந்தாக அனுமதித்த பிறகு, இந்தப் பகுதியில் துணிந்து வாங்கி வைத்த முதல் சில கடைகளில் என் கடையும் ஒன்று. இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும். வெளியே ஒரு சொல் எழுதி ஒட்டக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது என்பதும் சட்டம். நான் எழுதாத சொல்லை எங்கள் சனம் எனக்காக எழுதிவிட்டது. 'கஞ்சாக்கடை அன்ரி' என்று பிள்ளைகள் வரை சொல்வது என் காதுக்கு வந்திருக்கிறது. அதே சனத்தில் பலர், கடையில் வேறு தமிழர் இல்லாத நேரம் பார்த்து வந்து வாங்கிப்போனார்கள். யார் யார் என்று சொல்லமாட்டேன். அது என் தொழிலின் வாக்கு.

நான் குடிக்கத் தொடங்கியது பிறகுதான். மார்பகப் புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சை என் உயிரைக் காப்பாற்றியது, பாதங்களைக் கெடுத்துவிட்டது. நரம்பு வலி. மீன்முள் நிரப்பிய சப்பாத்துக்குள் காலை விட்டது போல இருக்கும். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்னுடையது. முதலில் அபின் வகைக் குளிசைகள் தந்தார்கள். வலி குறைந்தது, ஆனால் நானும் குறைந்துபோனேன். கணவர் சொல்லும் வசனத்தின் முடிவு வரும்போது தொடக்கம் மறந்துவிடும். கடையில் நிற்பதை நானே நிறுத்திக்கொண்டேன். ஒருநாள் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றவள், பச்சை வந்த பிறகும் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துத்தான் எனக்கு நினைவு வந்தது. அந்த நாட்களில் என்னை யாரும் மறித்ததில்லை. மறித்திருந்தாலும் எந்தக் குச்சியும் அந்தக் குளிசையைத் தேடியிருக்காது.

எண்ணெய்க்கு மாறிய பிறகு நான் எனக்குத் திரும்பக் கிடைத்தேன். இதை இப்படித்தான் சொல்ல முடியும்.

சட்டத்தரணி ஒருவரைப் போய்ப் பார்த்தோம். வெள்ளைக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். இரண்டு வழி இருக்கிறது என்றார். தண்டத்தைக் கட்டிவிட்டு அரை வருடம் ஓட்டாமல் இருப்பது ஒன்று. விஷயம் ஓசைப்படாமல் முடிந்துவிடும். மற்றது நீதிமன்றம் போவது. மருத்துவச் சீட்டோடு முறையாக எடுத்தவர்களின் லைசன்சைப் பறிக்காமல் விடலாம் என்று விக்டோரியா மாநிலம் அண்மையில்தான் நீதவான்களுக்கு ஒரு சின்ன அதிகாரம் கொடுத்திருந்தது. விடலாம், விடாமலும் இருக்கலாம்.

"நீதிமன்றம் போவதென்றால் ஒரு யோசனை," என்றார் அவர். "வருத்தம் தெரிவியுங்கள். இனி எண்ணெயை விட்டுவிட்டுப் பழைய குளிசைகளுக்கே போகிறேன் என்று சொல்லுங்கள். அது நன்றாக எடுபடும்."

"அந்தக் குளிசைகளோடு நான் ஓட்டலாமா?"

"சீட்டு இருந்தால், தள்ளாடாமல் இருந்தால், ஓட்டலாம்."

"நான் தள்ளாடியதே அந்தக் குளிசையில்தான்," என்றேன். "ஆபத்தானவளாக இருந்தபோது விட்டுவிட்டு, தெளிந்த பிறகு பிடித்திருக்கிறார்கள். இதற்கு நான் வருத்தப்பட வேண்டுமா?"

என் கணவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். பேசாதே என்ற பிடி. நான் கையை எடுத்துக்கொண்டேன். "நீதிமன்றம் போறன். வருத்தம் ஒண்டும் சொல்லமாட்டன்," என்று அவருக்குத் தமிழில் சொன்னேன். சட்டத்தரணிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வழக்குத் தேதி வருமுன் எங்கள் தொகுதியின் இரண்டு அலுவலகங்களுக்கும் போனேன். மத்திய நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு பெண், இனிப்பும் தந்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாகனம் ஓட்டுவது மாநில விஷயம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். மாநில உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு பையன், "இதை மருந்தாக்கியது மத்திய அரசு, அவர்கள் யோசித்திருக்க வேண்டும்" என்றான். இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகும் தூரம்தான். அவனிடம், "நீங்கள் இருவரும் ஒருநாள் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடித்தால் என்ன?" என்று கேட்டேன். அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

இதற்கிடையில் விஷயம் வெளியே போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று நான் தேடவில்லை. கோயில் நிர்வாகத்தில் என் கணவரும் ஓர் உறுப்பினர். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, சாப்பாட்டு மண்டபத்தில் தட்டோடு உட்கார்ந்தபோது நிர்வாகத் தலைவர் என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர். எங்கள் கலியாணத்துக்கு வந்தவர்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இந்த முறை திருவிழா உபயத்திலை உங்கடை கடைப் பேரைப் போடாமல் விடுவம் எண்டு கமிட்டியிலை ஒரு கதை."

"ஏன் அண்ணை?"

"பிள்ளையள் வாற இடம். கேஸ் முடியட்டும், பிறகு பாப்பம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பருப்புக் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் அவரும் இருந்திருக்கிறார், வாய் திறக்கவில்லை என்று அப்போது விளங்கிற்று. அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபம் பொலிஸ் மறித்த அன்றுகூட வரவில்லை. எழுந்து நின்றேன். மண்டபம் முழுக்கக் கேட்கத்தான் பேசினேன்.

"அண்ணை, நான் விக்கிறது மருந்து. நான் குடிக்கிறதும் அதே மருந்துதான். எனக்குக் கான்சர் வந்தது, கால் நரம்பு செத்துப்போச்சு, அதுக்குக் குடிக்கிறன். ஒளிச்சு வச்சுக் குடிக்கேல்லை. பேரைப் போடாட்டிப் பரவாயில்லை. ஆனால் பிள்ளையளைச் சாட்டிச் சொல்லாதேங்கோ. பிள்ளையளுக்கு முன்னாலை எனக்கு வெக்கப்பட ஒண்டும் இல்லை."

பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். எதிர் வரிசையில் தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று இருந்தது. கணவர் கணினித் துறையில் வேலை செய்பவர். மனைவிக்கு நரம்பு நோய், சக்கர நாற்காலியில் வருவார். அந்தக் கணவர் என் வாடிக்கையாளர். எப்போதும் கடை வெறுமையாக இருக்கும் நேரம் வந்து, "அக்கா, யாரும் பாக்கல இல்ல?" என்று கேட்டுத்தான் போத்தலை வாங்குவார். இப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே கூடாது என்று நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன்.

பேசியது அவருடைய மனைவி.

"அந்த மருந்தத்தான் நானும் எடுத்துக்கறேன்," என்றார். மெல்லிய குரல், ஆனால் மண்டபம் அமைதியாக இருந்தது. "முன்னாடி ராத்திரியெல்லாம் கால் இழுத்துக்கும். அக்கா கடையில வாங்கினதுக்கு அப்புறம்தான் தூங்குறேன். அது இல்லன்னா இன்னிக்கு நான் இங்க வந்து உக்காந்து சாப்பிட்டிருக்க முடியாது. எங்க பேரையும் உபயத்துல இருந்து எடுத்துடுங்க."

அவருடைய கணவர் பதறி, "ஏய், சும்மா இரு" என்றார். மனைவி சும்மா இருக்கவில்லை. "ஆமா, எடுத்துடுங்க" என்று இன்னொரு தடவை சொன்னார்.

தலைவர் பிறகு கதைப்போம் என்று எழுந்து போனார். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை, உபயத்தில் இரண்டு பெயர்களையும் போட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் என் கணவர் காரை ஓட்டிக்கொண்டே, "நான் கமிட்டியிலை கதைச்சிருக்க வேணும்" என்றார். "ஓம்" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண், வழக்கைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, கவுண்டரில் நின்று என்னிடம் சொன்னார்: "என் தம்பியை ஒருவன் போதையில் காரால் அடித்துக் கொன்றான். அந்தச் சோதனை வேண்டும் என்று போராடியவர்களில் நானும் ஒருத்தி. உங்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் வெல்லக்கூடாது என்று நினைக்கிறேன்."

நான் விவாதிக்கவில்லை. போதையில் ஓட்டுகிறவனைப் பிடியுங்கள், மருந்து குடித்துத் தெளிந்தவளை விடுங்கள், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சட்டத்தைத்தான் எதிர்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தம்பியை இழந்தவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மருந்தைக் கொடுத்தேன். அவர் இன்றும் என்னிடம்தான் வாங்குகிறார்.

நீதிமன்றத்தில் எங்கள் முறை வரும்வரை நெடுநேரம் காத்திருந்தோம். நீதவான் ஒரு நடுத்தர வயதுப் பெண். பொலிஸ் தரப்பு, நான் தள்ளாடவில்லை, பேச்சுத் தெளிவாக இருந்தது, ஒத்துழைத்தேன் என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னது. என் வைத்தியரின் சீட்டை நாங்கள் காட்டினோம். சட்டத்தரணி பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று எழுந்தபோது, நான் பேச அனுமதி கேட்டேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் வருந்துகிறேன் என்று சொல்ல வரவில்லை," என்றேன். "குடித்தது உண்மை. ஓட்டியதும் உண்மை. இந்த மருந்தை நாட்டின் சட்டப்படி விற்கிறேன், நாட்டின் சட்டப்படி குடிக்கிறேன். இதை விட்டுவிட்டு மூளையை மழுங்கடிக்கும் குளிசைக்குப் போனால் மாநிலத்தின் சட்டம் என்னைத் தொடாது. அப்படிப் போகச் சொல்லி எனக்கு யோசனையும் சொல்லப்பட்டது. நான் போகமாட்டேன். அந்தக் குளிசையோடு நான் ஓட்டும் வீதியில் உங்கள் பிள்ளைகளும் போகக்கூடும்."

பின் வரிசையில் என் கணவர் இருமினார். நீதவான் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்து எடுத்து எவ்வளவு நேரத்துக்குப் பிறகு ஓட்டினீர்கள்?"

சொன்னேன்.

"அன்று நீங்கள் ஓட்டத் தகுதியாக இருந்ததாக உங்களுக்கு நிச்சயமா?"

"என் நோயாளிகளின் உயிர் என் கையில் இருக்கும் தொழில், அம்மா. தகுதி இல்லாத நாளில் கடையைத் திறக்கவே மாட்டேன்."

அவர் சற்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். குற்றம் நடந்திருக்கிறது, அதை அவர் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதை என் பெயரில் குற்றமாகப் பதிவு செய்யாமல் விடுகிறார். லைசன்ஸ் என்னிடமே இருக்கலாம். குறிப்பிட்ட காலம் வேறு குற்றமில்லாமல் நடந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தரணி நன்றி சொல்லிப் புறப்படப் பார்த்தார். எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

"இன்றிரவும் நான் அந்த மருந்தைக் குடிப்பேன். நாளைக் காலை என்னை மறித்தால்?"

"சட்டம் இன்று இருப்பதுபோலத்தான் நாளையும் இருக்கும்," என்றார் நீதவான். "சட்டத்தை எழுதுவது என் வேலையல்ல. எழுதுகிறவர்களிடம் இதே குரலில் கேளுங்கள்."

வெளியே வந்தபோது சட்டத்தரணி, நான் அதிர்ஷ்டக்காரி என்றார். என் கணவர் கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார். வழக்கு முடியும்வரை அவர்தான் ஓட்டினார், என்னை விடவில்லை. நான் வாங்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனேன். அவர் மறுபக்கம் ஏறி, இருக்கைப் பட்டியை மாட்டிக்கொண்டு, "மெல்லமா ஓடும்" என்றார். முப்பது வருடமாகச் சொல்லும் அதே சொல்.

நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன். வென்றிருந்தால் சட்டம் மாறியிருக்கும். இப்போதும் மத்திய அரசு கொடுக்கிறது, மாநிலம் பிடிக்கிறது. மாநில உறுப்பினரின் அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது தனியாக இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அந்தத் தமிழ்நாட்டுக் கணவரும் வருகிறார். போனமுறை பேசியதும் அவர்தான், நானோ அவர் மனைவியோ அல்ல. பையன் எங்களைக் கண்டதும் இப்போது சிரிப்பதில்லை, கதிரைகளை எடுத்துப் போடுகிறான்.

மருந்தை நான் நிறுத்தவில்லை. வைத்தியரோடு கதைத்து இரவில் இன்னும் முன்னதாக எடுக்கிறேன், காலையில் இன்னும் பிந்திப் புறப்படுகிறேன். தலை தெளியாத நாள் சாவியைத் தொடமாட்டேன். தெளிந்த நாள் ஓட்டுகிறேன். மறித்தால் நாக்கை நீட்டுவேன், திரும்பவும் அதே நீதிமன்றத்துக்குப் போவேன், அதே பதிலைச் சொல்வேன். மருந்து கொண்டுபோகும் செவ்வாய்க்கிழமை காலைகளில் வெலிங்டன் வீதியால் என் வெள்ளைக் கார் போவதை நீங்கள் காணலாம்.